சிறிய ஊரில் விக்கிப்பீடியா தன்னார்வக் குழுவை நடத்தப் பணத்துக்கு என்ன செய்வது?

இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். விக்கிப்பீடியாவில் தமிழில் எழுத ஆர்வமுள்ள ஏழெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்களாம். குழுவாக நடத்த ஆசை, கையில் காசு இல்லை. முதலில் எந்த நிறுவனத்திடம் கேட்பது, சங்கமாகப் பதிந்தால்தான் தருவார்களா என்பது கேள்வி.

முதல் ஆறு மாதம் யாரிடமும் கேட்காதீர்கள் என்பதுதான் என் பதில். காசு வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் எதற்கு வேண்டும் என்பது வேலையில் இறங்கிய பிறகுதான் தெரியவரும். அது தெரியாமல் காசை முதலில் வாங்கிய குழு ஒன்றில் நானும் இருந்தேன்.

நான் மட்டக்களப்பில் ஆசிரியராக இருக்கிறேன். அந்தக் குழுவுக்கு ஒரு நிறுவனம் நல்ல மனதோடுதான் நிதி தந்தது. ஹோட்டல் மண்டபம் எடுத்தோம், பின்னால் பெரிய பேனர் கட்டினோம், வந்த எல்லோருக்கும் டீசேர்ட், மத்தியானம் புரியாணி. அறுபது பேர் பெயர் பதிந்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு இரவு உட்கார்ந்து அறுபது பேரின் பங்களிப்புப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தது இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே எழுதியவர்கள். அதற்குள் குழுவில் மிச்சக் காசு யாரிடம் இருக்கிறது என்ற பேச்சு வந்துவிட்டது. யாரும் களவெடுக்கவில்லை. கணக்கை எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. இருபது வருடச் சிநேகிதர்கள் இருவர் இப்போதும் பேசுவதில்லை.

அப்புறம் ஒரு வருடம் சும்மா இருந்தோம். பிறகு ஐந்து பேராக மறுபடி தொடங்கினோம். கூடும் நாள் போயா, மாதாமாதம் வரும் பௌர்ணமி விடுமுறை. அன்று அலுவலகம் இல்லை, பாடசாலை இல்லை, வீட்டில் இருப்பவர்களும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். நூலகம் அன்று பூட்டு என்பதால் வேண்டிய புத்தகங்களை முதல் நாளே இரவல் எடுத்துவிடுவோம். இடம் ஒருவர் வீட்டு விறாந்தை.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா எப்படி நடக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) உரியது. அன்றைய எண்ணெய், பூ, மேளம், அன்னதானம் எல்லாம் அந்தக் குடியின் பொறுப்பு. முழுத் திருவிழாவையும் ஒருவர் தலையில் கட்டுவதில்லை. கணக்குப் பார்க்க வண்ணக்கர் இருக்கிறார். நாங்களும் அப்படித்தான் செய்தோம். இந்தப் போயாவுக்கு இடம் ஒருவர், தேத்தண்ணியும் வடையும் இன்னொருவர், டேட்டா ரீலோட் வேறொருவர். அடுத்த போயாவுக்கு ஆள் மாறும். யார் என்ன கொடுத்தார்கள் என்பதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி, கொப்பியை மேசையில் விரித்தபடியே வைத்தோம். தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டங்கள் அதில் இன்னும் இருக்கின்றன.

ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியைப் புரட்டியபோது ஒன்று விளங்கியது. இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் பயந்த அளவு செலவே இல்லை. உண்மையான செலவு கொப்பியில் வரவே இல்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். உயர்தரம் முடித்தவள், எங்கள் எல்லோரையும்விடத் தமிழ் நன்றாக எழுதுவாள். மண்டூரில் பாதை ஏறி இந்தப் பக்கம் குருமண்வெளியில் இறங்கி, (பாதை என்றால் எங்களூரில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை) பிறகு பஸ் பிடித்து வருவாள். இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டும். நான்காவது மாதம் வரவில்லை. ஐந்தாவது மாதமும் இல்லை. ஆர்வம் குறைந்துவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். பிறகு அவளுடைய சிநேகிதி சொன்னாள், பஸ் காசுக்கும் போன் டேட்டாவுக்கும் அம்மாவிடம் கேட்க வெட்கமாக இருந்ததாம்.

அன்றைக்குத்தான் எதற்கு நிதி கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது. சும்மா செய்கிற வேலை என்றால் சும்மா செய்யக்கூடியவர்கள் மட்டும் செய்வார்கள். மோட்டார் சைக்கிளும் லப்டொப்பும் மாதச் சம்பளமும் உள்ளவர்கள் எழுதுவார்கள். அப்போது இணையத்தில் தமிழில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்த உலகமாக மட்டுமே இருக்கும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிற எனக்குப் படுவான்கரை வயல் பற்றி எழுதத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவளுடைய பஸ் காசை அவள் கேட்காமலேயே கொடுக்க ஒரு வழி வேண்டும்.

எழுதுவதற்குக் கூலி கொடுப்பது வேறு விஷயம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் நிதியில் கட்டுரை எழுதுபவருக்குச் சம்பளம் கேட்க முடியாது. வெளியே யாராவது காசு கொடுத்து எழுதச் சொன்னால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் அங்குள்ள விதி. விதி இல்லாவிட்டாலும் நான் கொடுக்கச் சொல்லமாட்டேன். 2009, 2010 காலத்தில் கூகிள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரைகள் ஏற்றியபோது, தரம் போதாது என்று தமிழ் விக்கிப்பீடியர்களே கேள்வி எழுப்பினார்கள். எண்ணிக்கைக்குக் காசு என்று வந்தால் எண்ணிக்கைதான் வரும்.

சரி, நிதிக்கு வருகிறேன். விக்கிப்பீடியாவை நடத்துவது அமெரிக்காவில் 2003இல் தொடங்கப்பட்ட விக்கிமீடியா அறக்கட்டளை. விளம்பரம் போடுவதில்லை, பெரும்பாலும் வாசகர்கள் தருகிற சிறு நன்கொடைகள்தான் வருமானம். அதில் ஒரு பங்கை உலகெங்கும் உள்ள சமூகங்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். உங்களுக்குப் பொருத்தமானது விரைவு நிதி, 500 முதல் 5,000 டொலர் வரை. தனி ஆளாகவும் கேட்கலாம், பதிவில்லாத குழுவாகவும் கேட்கலாம். விண்ணப்பம் மெட்டா விக்கி என்ற அவர்களுடைய பொதுத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும், யாரும் கேள்வி கேட்கலாம். அந்த வெளிப்படை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உங்கள் பஸ் காசுக் கணக்கைப் பக்கத்து ஊர்க்காரரும் பார்க்கலாம், ஆபிரிக்காவில் இருக்கிற ஒருவரும் பார்க்கலாம். ஆறு மாதக் கொப்பி கையில் இருந்ததால் எங்கள் விண்ணப்பத்தில் ஊகம் எதுவும் இருக்கவில்லை. இத்தனை பேர், இந்தத் தூரம், இவ்வளவு டேட்டா என்று நடந்ததை எழுதினோம்.

காசு வரும்போது மூன்று இடங்களில் சிக்கும். ஒன்று வங்கி. டொலர் தனி ஆளின் கணக்குக்கு வந்தால் என்ன காசு, எதற்கு என்று கேட்பார்கள், அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து வைத்திருங்கள். யாருடைய கணக்குக்கு வருகிறதோ அவர் செலவு செய்பவராக இருக்கக்கூடாது. எங்களிடம் கணக்கு ஒருவர் பெயரில், செலவு இன்னொருவர் கையில், கொப்பி மூன்றாமவரிடம்.

இரண்டாவது விலை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. சோற்றுப் பார்சல், பஸ், எல்லாமே பழைய விலையில் இல்லை. ரூபாயில் துல்லியமாகப் போட்டு வைத்த பட்ஜெட் எதற்கும் உதவவில்லை. எத்தனை பயணம், எத்தனை பார்சல் என்று எண்ணிக்கையில் திட்டமிடுங்கள். விலை மாறினால் எங்கே குறைப்பது என்று அப்போது தெரியும்.

மூன்றாவது பற்றுச்சீட்டு, இதில்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன். சந்திக் கடையில் பன்னிரண்டு பிளேன்டீ வாங்கிவிட்டு பில் கேட்டேன். கடைக்கார அண்ணன் சிகரட் பெட்டியைக் கிழித்து அதன் உட்பக்கத்தில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். திகதி இல்லை, கடைப் பெயர் இல்லை. அவர் மேல் குற்றமில்லை, அவரிடம் பில் கேட்ட முதல் ஆள் நானாக இருக்கலாம். ஓட்டோவிலும் இதே கதைதான். அந்த மாதம் பல செலவுகளுக்குக் காட்ட எதுவும் இல்லாமல் என் காசைப் போட்டேன். பிறகு புத்தகக் கடையில் வவுச்சர் புத்தகம் ஒன்று வாங்கினோம். நாமே திகதியும் விபரமும் எழுதிக் கொடுத்தால் அவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். இப்போது அந்த அண்ணன் எங்களைக் கண்டதும் பேனாவை எடுத்துவிடுவார்.

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். விக்கிமீடியாவின் பயனர் குழு என்ற அங்கீகாரத்துக்குச் சட்டப் பதிவு தேவையில்லை, நாட்டுக் கிளைகளுக்குத்தான் தேவை. உள்ளூரில் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்கிற நிலை வந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். யாப்பு, நிர்வாகக் குழு, கூட்டக் குறிப்பு எல்லாம் கேட்பார்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஏழெட்டுப் பேருக்கு இப்போதே அது வேண்டியதில்லை. தலைவர் யார், செயலாளர் யார் என்று போட்டி தொடங்கினால் எழுதுகிற வேலை நின்றுவிடும். விக்கிப்பீடியாவின் பெயரும் சின்னமும் வணிகக் குறிகள், விற்கிற டீசேர்ட்டில் அனுமதி கேட்காமல் அடிக்காதீர்கள்.

நடத்துவதில் சில விஷயங்கள். ஒரே ரௌட்டரில் இருபது பேரை உட்காரவைத்துப் புதுக் கணக்குத் தொடங்கச் சொன்னால் ஏழாவது ஆளுக்கு மறுத்துவிடும். ஒரு இணைய முகவரியில் இருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்கலாம். வீட்டிலேயே தொடங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அல்லது அவரவர் போன் டேட்டாவில் தொடங்கட்டும். படம் எடுக்கப் போனால் கோட்டையை எடுங்கள், வாவியை எடுங்கள், வயலை எடுங்கள். புதிய சிலைகளை எடுத்து, படமும் ஒலியும் சேர்க்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். பொது இடத்தில் நிற்கும் சிலையாக இருந்தாலும் இலங்கைப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு விலக்கு இல்லை. எங்கள் பிள்ளைகள் வெயிலில் அலைந்து எடுத்த படங்கள் அப்படிப் போனபோது எனக்கு மனம் தாங்கவில்லை.

பதிப்புரிமையில் நல்ல செய்தியும் உண்டு. இங்கே எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரைதான் உரிமை நீடிக்கும். உங்கள் மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் மறைந்தார், 2017இல் அந்த 70 ஆண்டு முடிந்துவிட்டது. பழைய நூல்களைச் சேர்க்கும் விக்கிமூலத்தில் அவர் எழுதியவற்றில் எவற்றை ஏற்றலாம் என்று கேட்டுக்கொண்டு தட்டெழுதத் தொடங்குங்கள். அக்கரைப்பற்றுக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேலை எனக்குத் தோன்றவில்லை. காசே தேவையில்லை, கண்ணும் பொறுமையும் போதும். கட்டுரைகளுக்கு மேற்கோள் தேட 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. நம் பக்கத்து மலர்களும் சஞ்சிகைகளும் அதில் நிறையக் கிடைக்கும், இலவசமாகவே வாசிக்கலாம்.

மேற்கோள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படுவான்கரைப் பிள்ளையின் ஊருக்கு, நிதி வந்த பிறகு, நாங்களே போனோம். மாசி மாதம், சூடு (வெட்டிக் குவித்த நெற்கதிர்) அடிக்கிற காலம். அவளுடைய பெரியப்பாவுக்கு எழுபது தாண்டியிருக்கும், வாழ்நாள் முழுக்க வயலில் நின்றவர். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, அங்கே அது பொலி என்று சொல்லித் தொடங்கி, களத்துக்கு மட்டும் உரிய சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் பொடியன் ஒருவன் போனை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்திருந்தான். “இத எழுதி என்ன மனே செய்யப் போறீங்க? மெசின் வந்து இப்ப ஒரு பொழுதில வெட்டி அடிச்சு முடியுது” என்றார். பிறகு யாரும் கேட்காமலே பொலிப்பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடினார்.

இதைக் கலைக்களஞ்சியக் கட்டுரையாக எழுத முடியாது. நம்பகமான இடத்தில் வெளிவந்த ஆதாரம் கேட்பார்கள், ஒருவர் வாயால் சொன்னதை ஏற்கமாட்டார்கள். அந்த விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் வலிக்கிறது. அதனால் அவருடைய சம்மதத்தோடு ஒலிப்பதிவைப் பொதுவகத்தில் ஏற்றினோம், சொற்களை விக்சனரி என்ற இணைய அகராதிக்குக் கொண்டுபோகிற வேலை நடக்கிறது. அந்தப் பயணத்துக்கு ஆன செலவு ஒரு வேன் கூலி, எட்டுச் சோற்றுப் பார்சல், ஒரு ரீலோட். மூன்றுக்கும் வவுச்சர் இருக்கிறது.

இன்னொன்று. அக்கரைப்பற்றில் தமிழரும் முஸ்லிம்களும் அக்கம்பக்கமாக இருக்கிறீர்கள், பேசுவது ஒரே மொழி. குழுவில் இருபக்கத்தவரும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் சேராது. போயா வெள்ளிக்கிழமையில் வந்தால் ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு கூடுங்கள், நோன்பு மாதத்தில் தேத்தண்ணிப் பொறுப்பை மாலைக்கு மாற்றுங்கள். நாங்கள் காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்களோடு அப்படித்தான் செய்கிறோம்.

எங்கள் வவுச்சர் மாதிரியையும் ஆறு மாதச் செலவுப் பட்டியலையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். முதல் கூட்டத்தை அடுத்த போயாவிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் ஏழெட்டுப் பேரில் யார் தூரத்திலிருந்து வருகிறார் என்று அன்றைக்கே கேட்டு, திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.