லாங் மாறியில் போட்டும் மைனஸ் வருவது ஏன்?

கேள்வி: ஜாவாவில் 30 நாளை மில்லி செகண்டாக மாற்ற 30 * 24 * 60 * 60 * 1000 என்று எழுதி, பெரிய முழு எண்களுக்கான லாங் மாறியில் போட்டேன். -1702967296 என்று வருகிறது. லாங்கில் எவ்வளவோ இடம் இருக்கிறதே? ஒரு எரர் கூட ஏன் வரவில்லை?

மைனஸ் வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள். 30க்குப் பதில் 50 என்று போட்டிருந்தால் 25032704 என்று நல்ல பிள்ளை மாதிரி ஒரு எண் வந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது ஏழு மணி நேரம் கூட இல்லை. 50 நாளைக்குக் கொடுத்த பாஸ் அன்று சாயங்காலமே காலாவதியாகும், காரணம் தெரியாமல் நீங்கள் சர்வர் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் உங்கள் வரி. ஜாவா வலப்பக்கக் கணக்கை முழுசாக முடித்துவிட்டுத்தான் இடப்பக்கம் வரும். வலப்பக்கத்தில் இருக்கும் ஐந்து எண்களும் இன்ட், அதாவது லாங்கைவிடச் சின்ன முழு எண் வகை. இன்ட்டை இன்ட்டால் பெருக்கினால் விடையும் இன்ட்தான். 2592000 வரை சிக்கல் இல்லை. கடைசியில் 1000ஆல் பெருக்கும்போது 2592000000 வர வேண்டும். ஆனால் இன்ட்டின் உச்சம் 2147483647. அங்கேயே கெட்டுப்போன விடையைத்தான் லாங்கில் ஊற்றுகிறீர்கள். அண்டா பெரிதாக இருந்து என்ன, படியிலேயே வழிந்துவிட்டதே. 24 நாள் வரை இந்த வரி சரியாக வேலை செய்யும், 25இல் புட்டுக்கொள்ளும். ஒரு வாரத்தை வைத்து டெஸ்ட் செய்தவருக்கு எதுவும் தெரியாது.

பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 99999க்கு அப்புறம் 00000க்குப் போகுமே, அதேதான் இங்கும். ஒரு சுற்று 4294967296. அதில் பாதியை ஜாவா மைனஸ் எண்களுக்கு ஒதுக்கியிருப்பதால் 2147483647ஐத் தாண்டியதும் அடுத்த எண் -2147483648. உங்கள் 2592000000இலிருந்து ஒரு சுற்றைக் கழித்தால் திரையில் வந்த அதே எண் கிடைக்கும். அதற்கும் மேலே போனால் மைனஸ் பகுதி முழுவதையும் கடந்து மறுபடி பிளஸ்ஸுக்கே வந்துவிடும். 50 நாளுக்கு நடப்பது அதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதினேன். ரூபாயைப் புள்ளி வைத்த எண்ணாக வைத்தால் கூட்டும்போது பைசா உதிரும் என்று தெரியும். அதனால் எல்லாத் தொகையையும் பைசாவில், இன்ட்டில் வைத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு. 2147483647 பைசா என்றால் 2,14,74,836 ரூபாய் 47 காசு. கடையின் மாத விற்பனை ஒன்றரைக் கோடியைச் சுற்றியே இருந்ததால் வண்டி ஓடியது. தீபாவளி மாதம் 2 கோடியே 31 லட்சம் விற்றார்கள். கணக்குப்பிள்ளையிடமிருந்து போன்: "தம்பி, மைனஸ் ஒரு கோடியே தொண்ணூத்தெட்டு லட்சம்னு காட்டுது. நாங்க துணி வித்தோமா, வாங்குனோமா?"

அவசரத்தில் பில் தொகையை லாங்காக மாற்றினேன். கூட்டுத்தொகை மாறியை மறந்துவிட்டேன், அது இன்ட்டாகவே இருந்தது. நிரலை மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. ஜாவாவின் வேடிக்கை இது: இன்ட் மாறி ஒன்றில் 'மொத்தம் = மொத்தம் + தொகை' என்று லாங்கைக் கூட்டிப் போட்டால் கம்பைல் ஆகாது. அதையே 'மொத்தம் += தொகை' என்று எழுதினால் சத்தமில்லாமல் வெட்டி இன்ட்டுக்குள் திணித்துவிடும். நான் எழுதியிருந்தது +=. அன்று மதியச் சாப்பாடு போனது அதில்தான்.

அதோடு முடியவில்லை. அதே ஃபங்ஷன்தான் காலாண்டு அறிக்கைக்கும் ஓடியது. பழைய ஃபைலைப் புரட்டினால், ஏப்ரல் முதல் ஜூன் வரை உண்மையில் 4 கோடியே 60 லட்சம். அறிக்கையில் 30,50,327 ரூபாய் 4 காசு. மூன்று மாதத்துக்கு வெறும் முப்பது லட்சமா என்று யாரும் கேட்கவில்லை. பிரிண்ட் எடுத்து, பஞ்ச் பண்ணி, கோர்த்து வைத்திருந்தார்கள். மைனஸ் வந்திருந்தால் அன்றைக்கே போன் வந்திருக்கும்.

சரி, எரர் ஏன் வரவில்லை? அது ஜாவாவின் விதி. நிரம்பினால் சுற்றிவிடு, புகார் செய்யாதே என்று மொழியின் வரையறையிலேயே எழுதியிருக்கிறது. நாம் புழங்கும் பல பிராசஸர்களில் எண் நிரம்பி வழிந்ததைக் காட்ட ஒரு கொடி பிட் உண்டு. ஒவ்வொரு கூட்டலுக்கும் அதைத் திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும் என்பதால் பல மொழிகள் பார்ப்பதில்லை. கோ மொழியும் சுற்றிவிடும். சி இன்னும் மோசம்: மைனஸ் எண்ணையும் வைத்துக்கொள்ளும் இன்ட் வகை நிரம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரையறையே கிடையாது. நீங்கள் முன்ஜாக்கிரதையாக 'எக்ஸ் + 1, எக்ஸைவிடச் சின்னதா' என்று சோதித்தால், அப்படி நடக்கவே நடக்காது என்று கம்பைலர் அந்தச் சோதனையையே தூக்கிவிடலாம். ஸ்விஃப்ட் அந்த இடத்திலேயே நிரலை நிறுத்திவிடும், எனக்கு அதுதான் பிடிக்கும். ரஸ்ட், சோதிக்கும்போது ஓட்டும் டீபக் பில்டில் நிறுத்தும், வெளியிடும் ரிலீஸ் பில்டில் வழக்கமாகச் சுற்றவிடும். பைதானில் எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். ஆனால் பைதானின் நம்பை (NumPy) என்ற எண் நூலகத்தின் அரேயில், அதாவது எண் வரிசையில், போட்டீர்களானால் பழைய கதைதான்.

புதியவர்கள்தான் இதில் விழுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே பைனரி தேடலில், அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறையில், நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். அரே மிகப் பெரிதானால் அந்தக் கூட்டல் வழிந்துவிடும். சுமார் ஒன்பது வருடம் அப்படியே கிடந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் விஷயத்தை வெளியே சொன்னார். போயிங் 787இல் ஜெனரேட்டரைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் ஒரு கவுன்ட்டர், தொடர்ந்து 248 நாள் மின்சாரம் இருந்தால் நிரம்பி வழியும் என்று 2015இல் அமெரிக்க விமானத் துறை உத்தரவே போட்டது. நொடியை நூறாகப் பிரித்து எண்ணினால் 2147483647 தீர அதே 248 நாள்தான் ஆகும்.

நான் இப்போது பணம், நேரம், கூட்டுத்தொகை மூன்றையும் கேள்வி கேட்காமல் லாங்கில் வைக்கிறேன். லாங்கும் வழியலாம் என்று தோன்றும் இடத்தில் ஜாவா 8இல் வந்த மேத் வகுப்பின் ஆட்எக்ஸாக்ட், மல்டிப்ளைஎக்ஸாக்ட். விடை வழிந்தால் இவை எக்ஸெப்ஷன் எறியும், அதாவது சும்மா சுற்றிவிடாமல் பிழை என்று கத்தும். எல்லா இடத்திலும் போட்டால் கோட் படிக்க முடியாது, அதனால் தேவைப்படும் இடத்தில் மட்டும்.

உங்கள் வரிக்கு இவ்வளவெல்லாம் வேண்டாம். 30க்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஆங்கில எல் ஒன்று போடுங்கள், முதல் எண்ணே லாங் ஆனால் மீதியும் லாங்காகவே பெருகும். பெரிய எல்லாகப் போடுங்கள். சின்ன எல் 1 மாதிரியே தெரியும், அப்புறம் 301 நாளா என்று யாராவது கேட்பார்கள்.