வெள்ளிதோறும் வர்மச் சிகிச்சை: எத்தனை முறை போவது?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில் வசிக்கிறோம். குறுவை நடவின்போது என் மாமியாருக்கு (வயது 61) முழங்கால் வலி வந்தது. மூட்டுத் தேய்மானம் என்றார்கள். ஏழு மாதங்களாக வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கும்பகோணத்தில் ஒரு வர்ம வைத்தியரைப் பார்த்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஒரு பொடியும் வாங்கி வருகிறார். முதல் மாதம் நல்ல குணம் தெரிந்தது. இப்போது மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை. "கைராசிக்காரர், விடமாட்டேன்" என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை தரும் டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. இப்படி அடிக்கடி போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மாமியார் செய்வது ஊர் உலகத்தில் இல்லாத காரியம் அல்ல. 2022-23இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, நம் நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் சித்தம், ஆயுர்வேதம் போன்ற ஆயுஷ் முறைகளில் ஏதாவதொன்றை நோய்த்தடுப்புக்கோ சிகிச்சைக்கோ பயன்படுத்தியிருந்தார்கள். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்தபோது, மாற்றுமுறைச் சிகிச்சையாளர்களிடம் போனவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 19 முறை போயிருந்தார்கள். அம்முறைகளைப் பின்பற்றியவர்களில் 10க்கு 7 பேர் தங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

திரும்பத் திரும்பப் போவதாலேயே அந்தச் சிகிச்சை பலிக்கிறது என்று ஆகிவிடாது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரைத் தேடுகிறோம். நடவு முடிந்து, சேற்றில் குனிந்து நிற்கும் வேலை ஓய்ந்தால் வலி தானாகவே ஓரளவு தணியும். அந்த நேரத்தில் யார் கை காலில் பட்டதோ, பெயர் அவருக்குப் போய்விடும். முதல் மாதத்துக் குணத்தில் இதற்கும் பங்கிருக்கலாம். அதற்காக அந்த மூன்று நாள் சுகத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். அரை மணி நேரம் காலைத் தொட்டுப் பார்த்து, "எங்கே வலிக்கிறது ஆத்தா?" என்று நிதானமாகக் கேட்க ஆள் இருப்பதே பெரிய ஆறுதல், கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அது கிடைப்பதில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே தடுக்காதீர்கள், கணக்கு வையுங்கள். இன்னும் ஆறு வாரம் என்று வைத்தியரிடமே பேசி வரையறுத்துக்கொண்டு, காலண்டரில் நாள்தோறும் இரண்டே விஷயங்களைக் குறியுங்கள்: மாமியார் எவ்வளவு தூரம் நடந்தார், தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்தாரா. ஆறாவது வாரமும் முதல் வாரத்தைப் போலவே இருந்தால், வாராவாரம் போக வேண்டிய அவசியமில்லை. மனத்துக்கு இதமாக இருக்கிறது என்றால் மாதம் ஒருமுறை போகட்டும். தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், உடல் பருமன் இருந்தால் எடைக் குறைப்பும்தான் அடிப்படைச் சிகிச்சை. அதை வேறொருவர் கையில் ஒப்படைக்க முடியாது.

எனக்குக் கவலை தருவது எண்ணெய் அல்ல, பொடி. பெயரும் உட்பொருளும் அச்சிடாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது வலியைச் சட்டென்று அடக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். ஆனால் பல வாரம் தின்ற ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. எனவே அடுத்த வெள்ளி வரை காத்திராமல் இந்த வாரமே மாமியாரைச் சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரைச் சீட்டோடு அந்தப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.