ஆட்டுக்குக் கயிற்றைப் பிடி, மாட்டுக்குக் கயிற்றை விடு

கேள்வி: கணவரும் நானும் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறோம். எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. ஏப்ரலில் ஒரு நாள் அதை மலைநடைக்கு அழைத்துப் போக ஆசை. ‘மலைக்குப் போயும் கயிறு எதற்கு, அவிழ்த்துவிடு, ஓடட்டும்’ என்கிறார் கணவர். எனக்கோ வழியில் மேயும் ஆடுமாடுகளை நினைத்தாலே பயம். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் பயம்தான் சரி. ஆனால் ஆட்டுக்கு ஒரு விதி, மாட்டுக்கு நேர் எதிர் விதி. இரண்டையும் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஏப்ரல் அங்கே செம்மறிகள் குட்டி போடும் பருவம். நாய் கடிக்கவே வேண்டாம். விளையாட்டாகத் துரத்தினாலே சினையாட்டுக்குக் கரு கலையலாம். ‘எங்கள் நாய் சாது’ என்பது ஆட்டுக்கு எப்படித் தெரியும்? துரத்தினால் வழக்கு உங்கள் மீதுதான் வரும். மந்தையைக் காக்க வேறு வழியில்லாமல் விவசாயி நாயைச் சுட்டால்கூடச் சட்டத்தில் அவருக்கு இடமிருக்கிறது. தவிர, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்ட மேட்டு நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் நடத்த வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கான ஏற்பாடு இது. ஆடுமாடு அருகில் இருந்தால் அந்த நிலங்களில் வருடம் முழுவதும் இதே விதிதான். இழுக்க இழுக்க நீளும் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மாடு வேறு கதை. கன்றுள்ள பசு நாயைக் கண்டால் ஓடாது, எதிர்த்து வரும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல், தள்ளிச் சுற்றி, சத்தமில்லாமல் நடங்கள். துரத்தி வந்தால் யோசிக்காமல் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி நாய்தான். அது ஓடித் தப்பித்துவிடும். நாயைக் காப்பாற்றுகிறேன் என்று இழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள்தான் மிதிபடுகிறார்கள். உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். அவர் சொன்னதற்கும் ஓர் இடம் இருக்கிறதே என்று மகிழ்வார்.

இடம்? மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகும் வழியில் ஈடேல் நிலையத்தில் இறங்குங்கள். ரயிலில் ஒரு பயணி இரண்டு நாய்கள்வரை டிக்கெட் இல்லாமல் கொண்டுபோகலாம். வயல்களைத் தாண்டி, மலைமுகட்டில் உள்ள ஹாலின்ஸ் கிராஸ் என்ற இடத்துக்கு ஏறி, வலப்புறம் திரும்பினால் 517 மீட்டர் உயர மாம் டார். உச்சியில் பாதைக்குக் கல் பாவியிருக்கிறார்கள். ‘நடுங்கும் மலை’ என்று அதற்குப் பட்டப்பெயர். கிழக்குச் சரிவு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அடியில் போன நெடுஞ்சாலையை மண் இழுத்துச் சிதைத்ததால் 1979-இல் மூடியே விட்டார்கள். அந்த விளிம்பில் நாயை அருகிலேயே வைத்திருங்கள். பிறகு வந்த வழியே திரும்பி, மலைமுகட்டோடு லூஸ் ஹில் என்ற குன்று வரை நடந்து, ஹோப் பக்கம் இறங்கினால் அடுத்த ரயில் நிலையம். சாவகாசமாக ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகட்டில் ஓடையை நம்பாதீர்கள். நாய்க்கும் சேர்த்துத் தண்ணீர் சுமக்க வேண்டும். கீழே வெயில் அடித்தாலும் மேலே காற்று அறையும், மழைக்கோட்டு அவசியம். வேலியைத் தாண்டும் படிகளில் சில லாப்ரடாருக்கு ஏறாது. தூக்க ஒருவர் தயாராக இருங்கள். மலத்தைப் பையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், மரக்கிளையில் தொங்கவிடும் அசிங்கம் வேண்டாம். யாருக்காவது அடிபட்டால் 999-ஐ அழைத்து, போலீஸ் கேட்டு, பிறகு மலைமீட்புக் குழு என்று சொல்லுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது.

வீடு திரும்பியதும் காதுமடல், அக்குள், விரலிடுக்கு என்று உண்ணி தேடுங்கள், உங்கள் கால்களிலும்தான். அங்குள்ள உண்ணி லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியது. கண்டால் நசுக்காமல், நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள்.