வீட்டுப் படங்களுக்கு நாஸ் வாங்கலாமா? புதுக்குடியிருப்பு அக்காவுக்கு ஒரு பதில்

புதுக்குடியிருப்பில் ஆசிரியராக இருக்கும் ஓர் அக்கா எழுதிக் கேட்டிருக்கிறார். வீட்டில் நாலு போன், ஒரு லப்டொப், இரண்டு பழைய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், எல்லாமாக ஒன்றரை டெராபைட் அளவில் படமும் வீடியோவும். கனடாவில் இருக்கும் தம்பி மார்கழியில் வருகிறாராம். நாஸ் பெட்டி (டிஸ்குகளைப் போட்டு, வீட்டு நெட்வேர்க்கில் எல்லாப் போனும் கணினியும் பாவிக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா, இரண்டு டிஸ்க் போடுவதா நாலு டிஸ்க் போடுவதா, ரெய்ட் (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை) போட்டால் படங்கள் அழியாதுதானே, கமெரா பூட்டும் கடையில் ஊதா லேபல் டிஸ்க் மலிவாக இருக்கிறதே, அதைப் போடலாமா என்று கேள்விகள். கடைசியில் ஒரு வரி: 2009இல் அல்பங்களை எல்லாம் விட்டுவிட்டுத்தான் வந்தோம், வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி ஸ்கான் பண்ணிய பழைய படங்களும் இதற்குள்தான் இருக்கின்றன.

அக்கா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் படங்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள், எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஸ்கான் பண்ணிய படங்கள் பெரும்பாலும் சில ஜிகாபைட்டுக்கு மேல் போகாது. கூகிள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டுக்குள் அது அடங்கிவிடும், தம்பியின் கணினியில் ஒரு பிரதி, அம்மா வீட்டில் ஒரு பென் டிரைவ் என்று நாலைந்து இடத்தில் இன்றைக்கே வைக்கலாம், ஒரு சதம் செலவில்லை. நாஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கலியாணவீட்டு வீடியோ போனால் படம் பிடித்தவரிடமோ சொந்தக்காரரிடமோ இன்னொன்று இருக்கக்கூடும், அந்தப் பழைய படங்கள் போனால் திரும்பக் கேட்க இப்போது எல்லோரும் உயிரோடு இல்லை.

இனி பெட்டிக்கு வருவோம். உங்கள் அளவுக்கு இரண்டு டிஸ்க் போடும் பெட்டி தாராளமாகக் காணும். நாலு டிஸ்க் பெட்டிக்குப் போகிற காசை நான் சொல்லப்போகும் மூன்றாவது டிஸ்குக்கும் யூ.பி.எஸ்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சினொலஜியின் டி.எஸ்.223 அல்லது கியூநாப்பின் டி.எஸ்-233, இரண்டில் எது நல்ல விலைக்குக் கிடைத்தாலும் சரி. போனில் எடுக்கும் படங்கள் வீட்டு வைஃபைக்கு வந்தவுடன் தானாகப் போய்ச் சேர இரண்டிலும் செயலி இருக்கிறது. என்னைக் கேட்டால் கணினியில் பெரிதாகப் பழக்கமில்லாத வீட்டுக்குச் சினொலஜிதான் லேசு. 2025இல் வந்த அவர்களுடைய பிளஸ் வகைப் பெட்டிகள் வேறு கம்பனி டிஸ்க்கை ஏற்க மறுத்ததைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வருடம் ஐப்பசியளவில் வந்த டி.எஸ்.எம். என்ற பெட்டியை இயக்கும் மென்பொருளின் 7.3 பதிப்போடு அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள்.

டிஸ்க் விஷயத்தில்தான் கடையில் அவசரப்படக்கூடாது. சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்று இரண்டு விதமாக டிஸ்கில் எழுதுகிறார்கள். சி.எம்.ஆரில் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே கிடக்கும். எஸ்.எம்.ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் ஏறிக் கிடப்பவற்றையும் கிளப்பித் திரும்ப அடுக்க வேண்டும். எழுதிவிட்டுச் சும்மா வைக்கும் போர்ட்டபிள் டிஸ்கில் அது பெரிதாகத் தெரியாது. நாஸில் ஒரு டிஸ்க் பழுதாகிப் புதியதைப் போட்டு முழுவதையும் திரும்ப நிரப்பும் நேரத்தில் நாட்கணக்காக இழுக்கும், சில வேளை டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி அதைக் கழற்றியும் விடும். 2020இல் வெஸ்டேர்ன் டிஜிட்டல் தன் சிவப்பு லேபல் நாஸ் டிஸ்குகளிலேயே 2 முதல் 6 டெராபைட் வரையானவற்றில் இதைச் சொல்லாமல் போட்டு விற்றது வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. அதற்குப் பிறகுதான் சி.எம்.ஆர். டிஸ்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்து விற்கிறார்கள். ஆகவே கடையில் லேபலைத் திருப்பிப் பாருங்கள்: டபிள்யூ.டி.40 என்று தொடங்கி ஈ.எஃப்.ஏ.எக்ஸ் என்று முடிந்தால் வேண்டாம், ஈ.எஃப்.பி.எக்ஸ் என்றால் அது ரெட் பிளஸ், எடுக்கலாம். சீகேட் என்றால் அயன்வூல்ஃப் எடுங்கள், பரகூடா வேண்டாம், 4 டெராபைட் பரகூடா எஸ்.எம்.ஆர். தான். அந்த ஊதா லேபல் கமெரா வீடியோவை இரவுபகலாக எழுதிக்கொண்டிருக்கச் செய்த டிஸ்க். கெட்ட சாமான் என்று சொல்லவில்லை, உங்கள் வேலைக்குச் செய்தது அல்ல.

4 டெராபைட்டில் இரண்டு வாங்குங்கள், முடிந்தால் இரண்டு கடையில், ஒரே தொகுதியில் வந்தவை ஒன்றாகவே பழுதாகும் வாய்ப்பு அப்போது குறையும். பெட்டியைத் தம்பி கொண்டுவரட்டும், டிஸ்க்கை இங்கேயே கொழும்பு முகவரின் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டியதாக வாங்குவதுதான் என் விருப்பம். கனடாவில் வாங்கிய டிஸ்க் இங்கே பழுதானால் உத்தரவாதத்துக்கு அலைய வேண்டிவரும். புதிது என்று விற்கும் பழைய டிஸ்கும் சந்தையில் உண்டு, 2025 தொடக்கத்தில் பாவித்த சீகேட் டிஸ்குகள் புதியவை என்று விற்கப்பட்டது ஐரோப்பாவில் வெளிச்சத்துக்கு வந்தது. வாங்கிய அன்றே லப்டொப்பில் கொழுவி கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். ஓடிய மணித்தியாலம் ஆயிரக்கணக்கில் இருந்தாலோ, பழுதான இடங்களைக் காட்டும் 05, C5, C6 ஆகிய வரிகளின் கடைசி நிரலில் பூச்சியம் தவிர வேறேதும் இருந்தாலோ அடுத்த நாளே திருப்பிக் கொடுங்கள். மணித்தியாலக் கணக்கை அழித்துவிட்டு விற்கிற ஆட்களும் இருப்பதால் ரசீதும் தெரிந்த கடையும் முக்கியம். பெட்டிக்குள் போட்டவுடன் டிஸ்க் தன்னைத்தானே முழுவதும் பரிசோதிக்கும் நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஓட விட்டுவிட்டுப் படுங்கள்.

ரெய்ட் போட்டால் அழியாதா? அழியும் அக்கா. ரெய்ட் 1 இரண்டு டிஸ்கிலும் ஒன்றையே எழுதும், ஒன்று பழுதானால் மற்றதில் வேலை நடக்கும், அவ்வளவுதான். பிள்ளை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே கணம் இரண்டிலும் போய்விடும். இடி மின்னலுக்கும் வெள்ளத்துக்கும் இரண்டும் ஒரே பெட்டிதான். 2018 மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்தபோது நம் பக்கத்தில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் மூன்றாவதாக ஒரு யூ.எஸ்.பி. டிஸ்க் கட்டாயம் வேண்டும், அது வேறு வீட்டில் இருக்க வேண்டும். காசு இறுக்கமென்றால் நாஸுக்குள் ஒரே ஒரு டிஸ்க்கைப் போட்டுவிட்டு மற்ற டிஸ்க்கை வெளியே வைப்பதுதான் நல்லது. உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது: பெட்டியோடு வரும் தம்பி திரும்பும்போது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு நிறைந்த யூ.எஸ்.பி. டிஸ்க்கைக் கைப்பையில் கொண்டுபோகட்டும்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று. பெட்டியின் அடப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், பிளக் மாற்றினால் போதும். ஆனால் யூ.பி.எஸ். அங்கிருந்து கொண்டுவரவே கூடாது, அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. யூ.பி.எஸ்ஸை இங்கே வாங்குங்கள், யூ.எஸ்.பி. வயரால் நாஸோடு இணையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போய்ப் பற்றரி இறங்கும்போது நாஸ் தானாகவே ஒழுங்காக நிற்கும், எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் பட்டென்று நிற்பதுதான் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் நாஸை நிறுத்திவிட்டு மின் வயரோடு றவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாலும் ஏறும். சீற் போட்ட அறையில், அதுவும் மூடிய அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். நிலத்திலிருந்து உயரத்தில், காற்றுப் படும் இடத்தில், டிஸ்கின் சூடு 45 பாகைக்குக் கீழ் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்க விசிறியில் படியும் செம்மண் புழுதியையும் இடைக்கிடை தட்டிவிடுங்கள். மின் செலவு பெரிதல்ல, 20 வோட் என்று வைத்தாலும் மாதம் 14 யூனிட் அளவில்தான்.

முதல்தடவை ஏற்றும்போது வைஃபையில் ஏற்றாதீர்கள், லப்டொப்பையும் லேன் வயரால் இணையுங்கள். றவுட்டரின் லேன் துளை 100 மெகாபிட் என்றால் ஒன்றரை டெராபைட்டுக்கு ஒன்றரை நாள் பிடிக்கும், கிகாபிட் என்றால் அரை நாளுக்குள் முடியும்.

வெளியிலிருந்து படம் பார்க்க வேண்டுமென்று றவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து நேரே உள்ளே வரும் வழி) திறந்துவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2022இல் டெட்போல்ட் என்ற கப்பம் கேட்கும் வைரஸ் இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளைத் தேடிப் பூட்டியது. தம்பியும் பார்க்க வேண்டுமென்றால் போர்ட் திறக்காமலே நாஸோடு பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள், வீட்டுப் பாவனைக்கு இலவசம்.

யூ.எஸ்.பி. டிஸ்கின் கடவுச்சொல்லை நாஸுக்குள் மட்டும் எழுதி வைக்காதீர்கள், ஒரு கடதாசியில் எழுதி வீட்டுக்காரருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். தம்பி பயணப்படுவதற்கு முதல் அந்த டிஸ்க்கை அவருடைய லப்டொப்பிலேயே கொழுவி, அங்குமிங்குமாகச் சில படங்களும் ஒரு நீளமான வீடியோவும் கடைசிவரை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.