யாரோ வாங்கிய லஞ்சத்துக்கு என் மகன் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

கேள்வி: ஐயா, நாங்கள் டல்லாஸ் அருகே பல ஆண்டுகளாக வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகனை, கூடைப்பந்து ஆட முழு உதவித்தொகையுடன் ஒரு பல்கலைக்கழகம் அழைத்திருக்கிறது. ஆனால் அங்கே முன்பு வேலை பார்த்த துணைப் பயிற்சியாளர் ஒருவர் பணம் வாங்கியதாக விசாரணை நடக்கிறது. ஓக்லஹோமா ஸ்டேட் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்லி, அந்த இடமே வேண்டாம் என்கிறார் என் கணவர். போனால் அங்கேதான் போவேன் என்கிறான் மகன். செய்யாத தப்புக்குப் பிள்ளைகளைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? அவனை அங்கே சேர்க்கலாமா? – ஒரு தாய், டெக்சஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவரின் அச்சத்தை வீண் பயம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். அவர் சொல்லிக் காட்டிய வழக்கை முழுதாகப் பார்த்தால், அச்சத்துக்கான காரணமும் அதற்கான மருந்தும் அதற்குள்ளேயே கிடைக்கின்றன.

ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த லமான்ட் எவன்ஸ், தன்னிடம் ஆடும் மாணவர்களைக் குறிப்பிட்ட நிதி ஆலோசகர்களின் பக்கம் திருப்பிவிடுவதற்காக லஞ்சம் வாங்கினார். 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. அவரைக் கைது செய்தது, பல்கலைக்கழகம் அவரை வேலையை விட்டு நீக்கியது, பின்னர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனையும் கொடுத்தது. இதோடு முடிந்திருந்தால் யாருக்கும் மனக்குறை இருந்திருக்காது. ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியச் சங்கமான என்சிஏஏ, 2020 ஜூனில், அந்த அணி ஓர் ஆண்டு, மார்ச்சில் தொடங்கும் தேசியத் தொடரில் ஆடக்கூடாது என்று தடை விதித்தது. பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. அது நிலுவையில் இருந்ததால் 2021 மார்ச் மாதத் தொடரில் அணி ஆடியது. 2021 நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானதும், அந்த ஆண்டு அணியில் இருந்த பிள்ளைகளின் தலையில் தடை விழுந்தது. தலைமைப் பயிற்சியாளர் மைக் பாய்ன்டன் செய்தியாளர்கள் முன் கண் கலங்கினார். எவன்ஸ் கைதாகி நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதே எவன்ஸ் அதற்கு முன் சவுத் கரோலைனா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அங்கேயும் லஞ்சம் வாங்கியிருக்கிறார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2021இல் கிடைத்தது இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சிறு அபராதமும் மட்டுமே. ஆளும் ஒருவர், குற்றமும் ஒன்று, தண்டனைதான் வேறு. அதே எஃப்.பி.ஐ. விசாரணையில் பெயர் அடிபட்ட கான்சாஸ் பல்கலைக்கழகமோ, தன் மீதான குற்றச்சாட்டுகள் நிலுவையில் இருக்கும்போதே 2022 ஏப்ரலில் தேசியக் கோப்பையை வென்றது. 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தபோது 2017-18 பருவத்தின் 15 வெற்றிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. தொடரில் ஆடத் தடை எதுவும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கணக்குதான் இது. நெவாடாவின் லாஸ் வேகஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி தந்த ஜெரி டார்க்கேனியன் 1980களிலேயே இதைச் சொன்னார். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் ஒரு மாணவரின் தந்தைக்கு அனுப்பிய கூரியர் உறை வழியில் பிரிந்து, உள்ளே 1,000 டாலர் ரொக்கம் இருந்தது அம்பலமானபோது, என்சிஏஏவுக்குக் கென்டக்கி மீது வந்திருக்கும் கோபத்தில் கிளீவ்லாண்ட் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரிக்குத் தண்டனையை இன்னும் இரண்டு ஆண்டு கூட்டிவிடுவார்கள் என்றார் அவர். பெரிய கல்லூரி தப்பிக்கும், சிறிய கல்லூரி மாட்டும் என்ற அந்தக் குற்றச்சாட்டு அப்படியே முழு உண்மை ஆகாது, ஏனென்றால் கென்டக்கியும் 1989இல் கடுமையாகவே தண்டிக்கப்பட்டது. ஆனாலும் அது இத்தனை ஆண்டுகள் நினைவில் நிற்பதற்கு ஓக்லஹோமா ஸ்டேட் போன்ற வழக்குகளே காரணம்.

சமமின்மையைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2015இல் லூயிவில் பல்கலைக்கழக அணியில் டேமியன் லீ, ட்ரே லூயிஸ் என்ற இருவர் சேர்ந்தார்கள். இருவரும் வேறு கல்லூரிகளில் ஆடிப் பட்டம் முடித்தவர்கள். தேசியத் தொடரில் ஒரு முறைகூட ஆடியிராத அவர்கள், மீதமிருந்த ஒரே ஓர் ஆண்டில் அந்தக் கனவு நிறைவேறும் என்று நம்பித்தான் அங்கே வந்தார்கள். அணி நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. 2016 பிப்ரவரி 5 அன்று, இந்த ஆண்டு நாம் தொடருக்குப் போவதில்லை என்று பல்கலைக்கழகமே அறிவித்துவிட்டது. காரணம், 2010க்கும் 2014க்கும் இடையில் அணி நிர்வாகி ஒருவர் மாணவர் விடுதிக்குப் பாலியல் தொழிலாளர்களை வரவழைத்த விவகாரம். அது நடந்தபோது லீயும் லூயிஸும் அந்த ஊரிலேயே இல்லை. என்சிஏஏ பெரிய தண்டனை கொடுப்பதற்குள் நாமே ஒன்றை விதித்துக்கொண்டால் பிறகு குறைத்துக் கொடுப்பார்கள் என்ற கணக்கில் பல்கலைக்கழகங்கள் இப்படிச் செய்வது வழக்கம். இந்த முறை அந்தக் கணக்குக்கு விலையாகப் போனவை இரண்டு இளைஞர்களின் கடைசி மார்ச் மாதங்கள். அதே பல்கலைக்கழகம் 2013இல் வென்ற கோப்பையும் 2018இல் பறிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விவகாரம் உண்மையிலேயே அருவருப்பானது, தண்டிக்கப்பட வேண்டியது. யாரைத் தண்டிப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஆவது பெரும்பாலும் காலதாமதத்தால்தான். மிஷிகன் பல்கலைக்கழக வீரர்கள் சிலருக்கு 1990களில் ஒரு சூதாட்டப் புள்ளி லட்சக்கணக்கான டாலர் கொடுத்திருந்தார். 2003ஆம் ஆண்டுத் தொடருக்குப் போகாமல் மிஷிகன் தானே விலகிய பிறகும், மேலும் ஓர் ஆண்டு தடையை என்சிஏஏ சேர்த்தது. மேல்முறையீட்டில் அந்தக் கூடுதல் ஆண்டு ரத்தானது. அதற்குள் ஒரு பருவம் போய்விட்டது. அந்தப் பருவத்தில் ஆடியவர்கள், பணம் கைமாறத் தொடங்கியபோது பள்ளிச் சிறுவர்கள். பயிற்சியாளர்கள் இதற்குள் நகர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை. 1988இல் கான்சாஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த லாரி பிரவுன் உடனே தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். அவர் காலத்து விதிமீறலுக்காக 1989இல் கோப்பையைத் தக்கவைக்க ஆடும் உரிமையை இழந்து நின்றவை அணியும் அதன் புதிய பயிற்சியாளரும்தான்.

எதிர்த்தரப்பையும் நான் யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகள் பாவம் என்று தடையை எடுத்துவிட்டால் பணக்காரப் பல்கலைக்கழகம் அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த தப்புக்குத் தயாராகும் என்கிறார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 2023இல் தொடர் தடைக்குப் பதிலாக 80 லட்சம் டாலருக்கும் மேல் அபராதம் விதித்தபோது இந்தப் பேச்சு பலமாக எழுந்தது. இதில் உண்மை இருக்கிறது. விதி மீறிக் கிடைத்த வெற்றியின் பலனைப் பல்கலைக்கழகமும்தான் அனுபவித்தது, அதற்கு வலிக்க வேண்டும். ஆனால் தேசியத் தொடரில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கல்லூரிக் கூட்டமைப்புக்கு வருமானப் பங்கு வருகிறது. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது, பயிற்சியாளரைச் சம்பளமில்லாமல் நிறுத்திவைப்பது, அவர் வேறு இடத்தில் வேலை பெறுவதையே கடினமாக்குவது என்று வழிகள் உண்டு. கடைசியாகச் சொன்னதை அங்கே 'ஷோ காஸ்' என்கிறார்கள். நம் ஊர் அலுவலகத்தில் ஊழியருக்குக் கொடுக்கும் நோட்டீஸ் போன்றதல்ல அது. அவரை வேலைக்கு எடுக்க விரும்பும் பல்கலைக்கழகம்தான் காரணம் காட்ட வேண்டும். தப்பு செய்தவர் எங்கே போனாலும் தண்டனை கூடவே போவதால், இருப்பவற்றில் இதையே நேர்மையானது என்பேன். அதிலும் ஒரு குறை உண்டு. அணியில் சேர்க்க விரும்பிய மாணவர்களுடன் அளவுக்கு மீறித் தொலைபேசியில் பேசியதற்காக, இண்டியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த கெல்வின் சாம்ப்சனுக்கு 2008இல் ஐந்து ஆண்டு ஷோ காஸ் விதித்தார்கள். அது முடியும் முன்பே, 2012இல், அந்தத் தொலைபேசிக் கட்டுப்பாட்டையே பெருமளவு தளர்த்திவிட்டார்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். 2022இல் என்சிஏஏ தன் அமைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, விதிமீறலில் தொடர்பில்லாத மாணவர்களைத் தண்டனை பாதிக்காமல் இயன்றவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்தது. கான்சாஸ் தப்பியதை மாமியார் உடைத்த மண்குடமாகச் சொன்னேன். ஆனால் 2022இல் மெம்ஃபிஸுக்கும் 2023இல் லூசியானா ஸ்டேட்டுக்கும் வந்த தீர்ப்புகளிலும் தொடர் தடை இல்லை. தவிர, படிப்புத் தகுதி இருந்தால் ஓராண்டு காத்திராமல் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்று 2024இல் விதி மாறிவிட்டது. லீக்கும் லூயிஸுக்கும் இல்லாத கதவு உங்கள் மகனுக்குத் திறந்திருக்கிறது. ஆகவே விசாரணை நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த இடத்தைத் தள்ளிவிட வேண்டாம். ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குத் தடை என்று அறிவித்த பிறகும் அங்கேயே சேர்ந்த கேட் கன்னிங்ஹாம், 2021 தொடரில் ஆடி, அதே ஆண்டு தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏவின் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். மேல்முறையீட்டு நிலுவையால் அவருக்கு வாய்த்தது அது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் தேதி முக்கியம். முறையான குற்றச்சாட்டு அறிக்கை பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டதா, வந்திருந்தால் எப்போது வந்தது, பதில் கொடுத்தாகிவிட்டதா என்று நேராகக் கேளுங்கள். அது அரசுப் பல்கலைக்கழகமானால், பொதுப் பதிவேட்டுச் சட்டத்தின்படி அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்க வழி உண்டு. இப்போதைய தலைமைப் பயிற்சியாளர் அந்தத் துணைப் பயிற்சியாளருக்கு மேலே இருந்தவரா, பிறகு வந்தவரா என்பதையும் பாருங்கள். மேலே இருந்தவரானால் அவரே நிறுத்திவைக்கப்படலாம், வேலையை விட்டும் போகலாம். அவர் போனாலும் உதவித்தொகை தொடருமா என்பது வாய்ச்சொல்லாக இல்லாமல் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்பதால் அதற்குத் தனி ஒப்பந்தம் நீட்டுவார்கள். நடுவில் வெளியேறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்லட்டும். மகன் அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாமல் உங்கள் விசாவைச் சார்ந்து இருப்பவனானால், அந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இது வேலை விதிகளை மீறியதாகிவிடக்கூடும்.

இந்தக் கேள்விகளை நீங்களோ உங்கள் கணவரோ கேட்பதைவிட, நீங்கள் இருவரும் பக்கத்தில் இருக்க உங்கள் மகனே பயிற்சியாளரிடம் கேட்கட்டும். விசாரணையைப் பற்றிய கேள்விக்கு அந்த மனிதர் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்பதை அவனே பார்த்துவிட்டு வரட்டும். அன்று இரவு மூவரும் உட்கார்ந்து பேசுங்கள்.