இணையதளத்திலிருந்து ஒலிபரப்ப என்னென்ன வழிகள் உள்ளன, எவ்வளவு செலவாகும்?

சொற்பொழிவுப் பதிவுகளைத் தளத்திலேயே கேட்கும்படி வைக்க வேண்டும், வாரத்தில் சில மணி நேரம் நேரலையும் நடத்த வேண்டும், அதற்கு எந்தச் சேவையை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய தளங்கள் சிலவற்றைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் தாளும் பேனாவும் எடுத்து ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடாமலேயே, தேவைக்குப் பல மடங்கு பெரிய சேவையை வாங்கிவிடுகிறார்கள்.

வானொலி அலையை நூறு பேர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பும் நிலையத்துக்கு ஆகும் செலவு ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியாக ஒரு நகல் சர்வரிலிருந்து, அதாவது கோப்புகளை வழங்கும் கணினியிலிருந்து, புறப்பட்டுச் செல்ல வேண்டும். ஆகவே செலவை முடிவு செய்வது தளத்துக்கு வருவோரின் எண்ணிக்கையன்று. பிட்ரேட்டையும் (ஒரு நொடி ஒலிக்கு ஆகும் டேட்டா) நேயர்கள் கேட்கும் மொத்த மணி நேரத்தையும் பெருக்கினால் வருவதே உங்கள் டேட்டா அளவு. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 57.6 மெகாபைட் செலவாகும். 64 கிலோபிட்டில் அதில் பாதி, அதாவது 28.8 மெகாபைட். வாரத்துக்கு நான்கு மணி நேர நேரலையைச் சராசரியாக 50 பேர் 64 கிலோபிட்டில் கேட்பதாக வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 5.76 ஜிகாபைட், மாதத்துக்கு ஏறத்தாழ 25 ஜிகாபைட்தான் ஆகிறது. மிகச் சிறிய வாடகைச் சர்வருக்கும் இது பொருட்டல்ல. அதே 64 கிலோபிட்டில் இரவும் பகலும் 100 பேர் இடைவிடாமல் கேட்கும் இணைய வானொலியாக இருந்தால் மாதத்துக்கு இரண்டு டெராபைட்டைத் தாண்டிவிடும். இவ்விரண்டுக்கும் ஒரே சேவையைப் பரிந்துரைப்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பதிவுகளை வைப்பதற்குத் தனி ஸ்ட்ரீமிங் சர்வரே தேவையில்லை. எம்பி3 கோப்பைச் சாதாரண வலைச் சர்வரில் வைத்து, வலைப்பக்கத்தில் பிரவுசரே ஒலிக்கச் செய்யும் ஹெச்டிஎம்எல்5 ஆடியோ பிளேயரை இட்டால் போதும். நேயர் நடுவில் எங்கேனும் தாவிக் கேட்க விரும்பினால், பிரவுசர் அந்த இடத்திலிருந்து தொடங்கும் பகுதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். இதற்குச் சர்வர் பகுதிக் கோரிக்கைகளுக்கு விடையளிக்க வேண்டும், அதாவது 206 என்ற குறியீட்டுடன் பதில் அனுப்ப வேண்டும். இன்று பரவலாகப் புழக்கத்திலுள்ள வலைச் சர்வர்கள் இதைச் செய்கின்றன. ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவுகள் 200 இருந்தாலும் 64 கிலோபிட்டில் மொத்தம் 8.64 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். சேமிப்பதற்கான செலவு அற்பமானது. வெளியே அனுப்பும் டேட்டாவுக்கே கிளவுட் நிறுவனங்கள் பல கட்டணம் வாங்குகின்றன. கிளவுட்ஃபிளேரின் ஆர்2 போல அந்தக் கட்டணமே இல்லாத சேமிப்புச் சேவைகளும் உண்டு என்பதால், ஒப்பிடும்போது சேமிப்பு விலையைவிட அந்தக் கட்டணத்தை முதலில் பாருங்கள். பல தளங்கள் ஒரே சர்வரில் இடம்பெறும் பகிர்வு ஹோஸ்டிங்கில் ‘வரம்பற்றது’ என்று எழுதியிருந்தால் விதிமுறைகளையும் படித்துவிடுங்கள். ஒலி, ஒளிக் கோப்புகளை வைக்கும் கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை அங்கே பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

சிறியதாயினும் பணத்தைத் தின்னும் ஒரு பழக்கம் உண்டு. ஒரே பக்கத்தில் இருபது பிளேயர்களை வைத்து, அவற்றின் ‘ப்ரீலோட்’ (முன்கூட்டியே இறக்குதல், preload) அமைப்பை ‘ஆட்டோ’ (auto) என்று விட்டுவிட்டால், யாரும் எதையும் கேட்காதபோதே பிரவுசர் கோப்புகளை இறக்கத் தொடங்கலாம். அதை ‘நன்’ (none) என்று மாற்றுங்கள். நேயரின் டேட்டாவும் சேர்ந்து மிச்சமாகும்.

நேரலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஐஸ்காஸ்ட். இது சர்வரில் இயங்கும் கட்டணமற்ற திறமூல மென்பொருள். நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் ஒரு மடிக்கணினியில் ‘பட்’ (butt) என்ற சிறு மென்பொருளை இயக்கினால், அது ஒலியை எம்பி3 ஆக்கி சர்வருக்கு ஒரே ஓர் ஓடையாக, அதாவது தொடர்ந்து செல்லும் டேட்டாவாக, அனுப்பும். அதை நேயர்களுக்குப் பெருக்கி அனுப்புவது ஐஸ்காஸ்டின் வேலை. மடிக்கணினி சர்வருக்கு அனுப்புவது 64 கிலோபிட் மட்டுமே என்பதால், நிலையாக இருக்கும் மொபைல் இணைப்புகூடப் போதுமானது. வரும் ஓடையை ஐஸ்காஸ்ட் மறுபடியும் என்கோட் செய்வதில்லை, அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றுவதில்லை. அப்படியே நகலெடுத்து அனுப்புகிறது. ஆகையால் பிராசசரின் வலிமையைவிட நெட்வொர்க்கின் வேகமே எல்லையாகிறது. 100 மெகாபிட் இணைப்பில், கணக்குப்படி 1,500-க்கும் மேற்பட்டோர் 64 கிலோபிட்டில் கேட்கலாம், நடைமுறையில் ஆயிரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இதில் பலரும் இடறும் இடம், ஐஸ்காஸ்டின் இயல்பான 8000 போர்ட் (சர்வரில் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்). தளம் பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க, ஓடை பாதுகாப்பற்ற ஹெச்டிடிபியில் வந்தால் பிரவுசர்கள் அதை மறுக்கக்கூடும். அலுவலக நெட்வொர்க்குகள் சிலவும் அந்தப் போர்ட்டை அடைத்து வைத்திருக்கும். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் வழியாக, ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு வழக்கமான 443 போர்ட்டில் ஓடையைக் கொடுத்தால் இரண்டு தொல்லைகளும் நீங்கும்.

சர்வரைத் தாமே கவனிக்க ஆளில்லாதவர்கள் வாடகை ஒலிபரப்புச் சேவையை நாடலாம். அவை பெரும்பாலும் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய நேயர்களின் உச்ச எண்ணிக்கையையும் பிட்ரேட்டையும் வைத்து மாதக் கட்டணம் விதிக்கின்றன. நாள் முழுதும் ஒலிக்கும் நிலையத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. வாரத்துக்கு நான்கு மணி நேரம் மட்டும் ஒலிபரப்பும் உங்களுக்கோ, மீதி 164 மணி நேரமும் காலியாகக் கிடக்கும் இடத்துக்கு வாடகை கொடுப்பதாகிவிடும்.

ஆப்பிள் 2009-இல் அறிமுகப்படுத்தி, 2017-இல் ஆர்எஃப்சி 8216 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான ஹெச்எல்எஸ் என்ற நேரலை முறை, ஒலியைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கிச் சாதாரணக் கோப்புகளாகத் தருகிறது. அத்துண்டுகளைச் சிடிஎன்கள் (பல இடங்களிலுள்ள சர்வர்களிலிருந்து கோப்புகளை வழங்கும் சேவைகள்) தேக்கி வைத்துக் கொடுக்க முடியும் என்பதால், பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கும் நிகழ்ச்சிகளுக்கு இதுவே பொருந்தும். ஆனால் பேச்சு நேயரை அடைய அரை நிமிடம்வரை தாமதமாகலாம். உங்கள் அளவுக்கு இது வேண்டாத சிக்கல் என்பது என் கருத்து. யூடியூப் நேரலை உங்களுக்குச் செலவில்லாதது. எனினும் குரலை மட்டும் கேட்க விரும்பும் நேயர் காணொளிக்கும் சேர்த்து டேட்டா செலவழிக்கிறார்.

பிட்ரேட்டைப் பொறுத்தவரை, பேச்சுக்கு மோனோவில் (ஒற்றைத் தட ஒலியில்) 64 கிலோபிட் எம்பி3 போதும். ஸ்டீரியோவில் (இரட்டைத் தட ஒலியில்) 128 வைப்பதால் குரல் தெளிவதில்லை, செலவுதான் இரட்டிக்கிறது. 2012-இல் ஆர்எஃப்சி 6716 ஆக வெளியான ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை, 32 கிலோபிட்டிலேயே பேச்சை மிக நன்றாகத் தருகிறது. பழைய ஆப்பிள் கருவிகளில் அது தடுமாறுவதால்தான் நான் இன்னும் எம்பி3-ஐ விடவில்லை. எம்பி3-க்கான காப்புரிமை உரிமத் திட்டமும் 2017-இல் முடிவுக்கு வந்துவிட்டதால் அந்த வகையில் செலவில்லை.

இசையைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும். பாடலுக்கு, அதை இயற்றியவர்களின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று என இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. ஒன்றுக்கு அனுமதி பெற்றால் மற்றொன்றும் கிடைத்துவிட்டதாகாது. சர்வர் வாடகையைவிட இந்த உரிமக் கட்டணம் கூடுதலாவது அரிதன்று. சொற்பொழிவுக்கு முன் அரை நிமிடம் ஒலிக்கவிடும் முகப்பிசைக்கும் இது பொருந்தும் என்பதால், அதை உங்களுக்கென்றே இசையமைத்துத் தரும் ஒருவரிடமிருந்து எழுத்துபூர்வமான அனுமதியுடன் பெற்றுக்கொள்ளுங்கள்.