பத்துக்குப் பத்து அறைக்குள் ஆப்பிரிக்கா

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. டிவியில் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று பார்த்துப் பார்த்து, தன் அறை முழுக்க ஆப்பிரிக்கா வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அறை பத்துக்குப் பத்துதான், மேற்கு வெயில் இறங்கும். அலங்காரம் செய்பவர் ஒருவரைக் கேட்டோம். அடர்ந்த காடு, புலி, முகமூடி, ஈட்டி பிடித்த ஆட்கள் எல்லாம் இருக்கிற வால்பேப்பரைக் காட்டி, எங்களுக்குக் கட்டுப்படியாகாத தொகை சொல்கிறார். குறைந்த செலவில் என்ன செய்யலாம்?
– வாசகி, ஆனையூர்

பதில்: அந்த வால்பேப்பர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செலவு இருக்கட்டும், முதலில் அந்தப் புலி. ஆப்பிரிக்கக் காடுகளில் சிங்கம் உண்டு, சிறுத்தை உண்டு, சிவிங்கிப்புலி (சீட்டா) உண்டு, வரிப்புலி கிடையாது. டிவி பார்த்தே இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிற பையன் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துக் கேட்பான்.

அடுத்தது அந்த ஈட்டி ஆட்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. நைரோபியிலும் லாகோஸிலும் அடுக்குமாடிக் கட்டடம், டிராபிக், யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். கறுப்பாக இருக்கிற பிள்ளையை நிறத்தை வைத்துக் கேலி பேசுகிற பழக்கம் நம்மிடமே இன்னும் போகவில்லை. அப்படியிருக்க, கறுப்பு மனிதர் என்றால் இலை கட்டிக்கொண்டு ஈட்டி பிடித்து ஆடுகிறவர் என்று நம் பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டாம்.

முகமூடியை நானே அனுபவித்திருக்கிறேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது ஆசையாக மர முகமூடி ஒன்றை வாங்கி அவள் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். ராத்திரி தெருவிளக்கு வெளிச்சம் அதன்மேல் விழ, பயந்துபோய் ஒரு மாதம் எங்கள் நடுவில்தான் படுத்தாள். அப்புறம்தான் யோசித்தேன், அங்கே பல சமூகங்களில் முகமூடி என்பது சடங்குக்கு உரியது, பொம்மை இல்லை. கருப்பசாமி அரிவாளை யாரோ எங்கோ தன் பிள்ளை அறையில் அழகுக்கு மாட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம். 54 நாட்டையும் ஒரே அறைக்குள் திணிக்காமல் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையன் கேட்கிற சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் இருப்பது தான்சானியாவின் செரெங்கெட்டியில், அது அடர்காடு இல்லை, காய்ந்த புல்வெளி. இது உங்களுக்கு வசதியும்கூட, ஏனென்றால் மேற்கு வெயில் அறையில் கரும்பச்சை அடித்தால் சின்ன அறை இன்னும் சின்னதாகத் தெரியும். மூன்று சுவருக்கு வைக்கோல் நிறத்தில் வெளிறிய மஞ்சள், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் அந்திவானம். அந்த ஆரஞ்சு வானத்தின்மேல் குடை விரித்த மாதிரி ஒரு வேல மரம், கறுப்பு நிழலாக. மரம் வரைய மாதிரி வேண்டும் என்றால் ராமநாதபுரம் பக்கம் போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள், நம் உடைமரம் அதே குடும்பம், அதே குடை வடிவம். முதலில் சாக்பீஸில் வரைந்து, தள்ளி நின்று பார்த்துவிட்டுப் பெயிண்ட் தொடுங்கள். பரணில் கிடக்கிற பழைய எனாமல் டப்பாவை மட்டும் எடுக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய டப்பாவில் ஈயம் அதிகம் இருக்கலாம். புதிதாக, தண்ணீரில் கரைக்கிற எமல்ஷன் வாங்கி அடித்து, வாசனை போகும்வரை நாலைந்து நாள் ஜன்னலைத் திறந்துபோடுங்கள்.

திரைச்சீலைக்கு வரிக்குதிரைத் துணியைத் தேடி அலைய வேண்டாம், நீலச் சுங்குடி எடுங்கள். நைஜீரியாவில் யொருபா பெண்கள் துணியை முடிச்சுப் போட்டு, நூலால் கட்டி, அவுரிச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள், அதற்கு ஆதிரே என்று பெயர். நம் சுங்குடியும் அதே முடிச்சு வேலைதான். பையனிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: இது மதுரைத் துணி, இதே மாதிரி அங்கேயும் கட்டிச் சாயம் போடுகிறார்கள் என்று.

விளையாட்டு மூலையில் ஒரு பல்லாங்குழி வையுங்கள். நமக்குப் பதினாலு குழி, கானாவில் பன்னிரண்டு குழி வைத்து ஓவாரே என்று ஆடுகிறார்கள். பாட்டி வீட்டில் சும்மா கிடக்கிற பலகைக்கு ஒரு வேலை வரும், பையனுக்கும் எண்ணிக்கை பழகும்.

பொம்மைக்கு, மதுரைக்குப் பக்கத்தில் மண்பொம்மை செய்கிற விளாச்சேரிக்குப் போங்கள். கொலு சீசன் நெருக்கடி முடிந்தபிறகு, படத்தைக் காட்டி ஒட்டகச்சிவிங்கியும் யானையும் செய்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். யானைக்குக் காது பெரிதாக, தோளை மூடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மீனாட்சி கோயில் யானை பார்வதிக்குத் தந்தம் வெளியே தெரியாது இல்லையா, ஆப்பிரிக்காவில் பொதுவாகப் பெண் யானைக்கும் தந்தம் இருக்கும். பையனை உடன் அழைத்துப்போய், எப்படி வேண்டும் என்று அவனையே சொல்லவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கும் இதே ஆசைதான், ஆனால் வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாது, பெயிண்ட் மாற்றக்கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகர், வில்லாபுரம்

பதில்: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்குப் போய் நாலு மீட்டர் காடாத்துணி வாங்குங்கள், ஏற்கெனவே இருக்கிற திரைக்கம்பியில் தொங்கவிட்டால் அதுவே சுவர். கானாவில் அசாந்தே மக்கள் சுரைக்குடுக்கை ஓட்டில் உருவம் செதுக்கி, மரப்பட்டைச் சாயத்தில் தொட்டுத் துணியில் அச்சு வைப்பார்கள், அதுதான் அடிங்க்ரா. நமக்கு உருளைக்கிழங்கு போதும். பாதியாக வெட்டி நீங்கள் செதுக்குங்கள், துணிச்சாயத்தில் தொட்டுப் பிள்ளைகள் வைக்கட்டும். கோணல்மாணலாக விழுந்தால் விழட்டும். சங்கோஃபா என்று ஒரு பறவை உருவம் உண்டு, முன்னே நடந்துகொண்டே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். மறந்துவிட்டு வந்ததைத் திரும்பிப்போய் எடுத்துக்கொள் என்று பொருள். வீடு மாறும்போது துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

கேள்வி: இரண்டு வயது மகளின் கட்டிலுக்கு மேலே சஃபாரி கூடாரம் மாதிரி கொசுவலை தொங்கவிடலாமா?
– வாசகி, செல்லூர்

பதில்: இரண்டு வயதுக்கு வேண்டாம். தொங்குகிற வலையையும் கயிற்றையும் பிடித்து இழுப்பாள், கழுத்தில் சுற்றும், மேலே ஃபேன் வேறு. கொசுவுக்கு ஜன்னலில் வலை அடியுங்கள். கூடாரத்தைப் பகலில் ஹாலில், நாலு நாற்காலிமேல் சேலையைப் போட்டு, நீங்களும் உள்ளே உட்கார்ந்துகொண்டு விளையாடுங்கள்.